இரண்டையும் சொல்லுங்கள்



கொல்கத்தாவின் டாக்குரியாவில் வசிக்கும் தமிழ்த் தாய் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய மகனுக்குக் காதில் குரல் கேட்கிறது. அதை அடக்கக் குடிக்கிறான். மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனால், "முதல்ல குடியை நிறுத்திட்டு வரச் சொல்லுங்க" என்கிறார்களாம். போதை மறுவாழ்வு மையத்திலோ, மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவரைச் சேர்ப்பதில்லையாம். பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த அம்மா எங்கேதான் போவார்?

தவறு அவருடையதல்ல. மனநல மருத்துவமனைகள் சுகாதாரத் துறையைச் சேர்ந்தவை. மறுவாழ்வு மையங்கள் பலவற்றுக்குப் பணம் தருவது மத்திய சமூக நீதி அமைச்சகம். மதுவாலும் போதைப் பொருளாலும் வரும் மனநலக் கோளாறுகளை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. அப்படியிருந்தும் நோயாளியை இன்னும் பந்தாடிக்கொண்டிருக்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

அதுவும் கொல்கத்தாவில்! 1933இல் கிரீந்திரசேகர் போஸ் இந்த ஊரின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில், அதாவது இன்றைய ஆர்.ஜி.கர் மருத்துவமனையில், மனநல வெளிநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். நாட்டில் பொது மருத்துவமனை ஒன்றுக்குள் அப்படியொரு பிரிவு வந்தது அதுவே முதல்முறை. காய்ச்சல்காரரும் மனநோயாளியும் ஒரே வாசலில் நுழைந்தார்கள். குடிநோயாளிக்கும் அந்த வாசல் திறக்க வேண்டும்.

மனநோய், குடி இரண்டுக்கும் ஒரே மருத்துவக் குழு சேர்ந்து சிகிச்சை தர வேண்டும் என்பதே இன்று வல்லுநர்கள் வலியுறுத்தும் முறை. மனச்சோர்வு இருந்தால் அது குடியால் வந்ததா, அதற்கு முன்பே இருந்ததா என்று தெரியச் சில வாரங்கள் பார்க்க வேண்டியிருக்கும். அதற்காகக் குரல் கேட்கிறவருக்கு மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. நடுவில் ஒருநாள் குடித்துவிட்டார் என்று சிகிச்சையை நிறுத்தவும் கூடாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். நாள்தோறும் அதிகம் குடிப்பவரை நீங்களாகத் திடீரென்று நிறுத்தவைக்காதீர்கள். வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குடியை மறக்கடிக்கும் மாத்திரையைத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்காதீர்கள். அதற்குமேல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரியலாம். சிலருக்கு மனநோயே முற்றலாம்.

மனநலத்துக்கு 14416, போதைக்கு 14446 என அரசு உதவி எண்கள் இருக்கின்றன. முன்னதில் தமிழிலும் பேசலாம். எதை அழைத்தாலும் குரல் கேட்பதையும் குடியையும் சேர்த்தே சொல்லுங்கள். மருத்துவரிடம் போகும்போது மருந்துச் சீட்டோடு, எப்போது முதல், எவ்வளவு குடிக்கிறார் என்பதையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்