கையறியா மின்சுற்றும் வாயளவுத் தமிழும்

கலைப்பீட மாணவனுக்கு வானொலி மின்சுற்றில் என்ன அலுவல் என்று கேட்போர் உளர். ஆண்டுதோறும் தமிழ் விழா மேடையிலே ‘அறிவியற்றமிழ் வளர்ப்போம்’ என்று முழங்குவோருள் நாமே முதல்வர். அம்முழக்கத்தைக் கம்பியின்றி எடுத்துச் செல்லும் ஒலிவாங்கியின் உள்ளே நிகழ்வது யாதென்று வினவினால் தலைகுனிகிறோம். பொறியியற்பீட நண்பர்கள் அதன் சமன்பாட்டை எழுதிக் காட்டுவர். அதையே செய்து காட்டுமாறு கேட்டால் அவர்களுட் பலரும் எம்மோடு சேர்ந்து தலைகுனிவர். இவ்விரு குனிவுகளுக்கும் காரணம் ஒன்றே என்பது என் வாதம். கையின் வேலையைத் தாழ்ந்ததென ஒதுக்கிய கல்வி மின்சுற்றையும் தராது, அதனைப் பேசுவதற்குரிய தமிழையும் தராது.

இதனை வெறும் கோட்பாடாகக் கூறவில்லை. சென்ற விடுமுறையில் நானும் பொறியியற்பீட நண்பர் இருவரும் ஒரு திரான்சிற்றரைக் கொண்டு சிறியதோர் அலையம் அமைக்க முனைந்தோம். சுருளின் தூண்டுதிறன் 5 மைக்ரோஹென்றி. கொள்ளளவி 100 பிக்கோபரட். பரிவு மீடிறனுக்கான சூத்திரம் உயர்தர வகுப்பு மாணவரும் அறிந்ததே. விடை 7.12 மெகாஹேட்ஸ். துளைப்பலகையில் உறுப்புகளைச் செருகி, மின்கலத்தை இணைத்து, அருகில் ஒரு சிற்றலை வானொலியை வைத்து 7.12 இல் தேடினோம். ஒன்றுமில்லை. முள்ளை நகர்த்தி நகர்த்திச் சலித்த வேளையில், 6.37 இல் வானொலியின் இரைச்சல் திடீரென அடங்கிற்று. எங்கள் அலையம் அங்கேதான் இருந்தது.

கணக்குப் பிழைத்ததா? இல்லை. அதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். 6.37 மெகாஹேட்ஸ் கிடைக்க வேண்டுமாயின் கொள்ளளவம் 125 பிக்கோபரட் இருத்தல் வேண்டும். நாம் இட்டது 100. எஞ்சிய 25 எங்கிருந்து வந்தது? துளைப்பலகையின் அயல் வரிசைகளுக்கிடையிலிருந்தும், திரான்சிற்றரின் உள்ளேயிருந்தும், நீண்டு கிடந்த கம்பிகளுக்கிடையிலிருந்தும் வந்தது. படத்தில் வரையப்படாத கொள்ளளவி ஒன்று மேசையில் இருந்தது. எங்கள் ஊரில் வானொலி திருத்தும் முதியவர் ஒருவரிடம் பலகையைக் கொண்டு சென்று காட்டினோம். அவர் அதைப் பார்த்த கணத்திலேயே சொன்னார்: “தம்பி, முதல் வயரைக் கட்டையாக்கும், பிறகு கணக்குப் பாரும்.”

அவ்வொரு வாக்கியத்துள் ஒரு பாடநூல் அடங்கியிருந்தது. ஒரு சென்ரிமீற்றர் நீளமுள்ள கம்பிக்கு ஏறக்குறைய 10 நனோஹென்றி தூண்டுதிறன் உண்டு. வீட்டு மின்னின் 50 ஹேட்ஸில் அது காட்டும் தடை ஓர் ஓமின் இலட்சத்திலொரு பங்கும் இல்லை. 100 மெகாஹேட்ஸில் அதுவே ஆறு ஓமைத் தாண்டும். தாழ்ந்த மீடிறனில் கம்பி வெறும் கம்பி. உயர்ந்த மீடிறனில் அது சுருளாகிறது. அடுத்த கம்பியோடு சேர்ந்து கொள்ளளவியாகிறது. போதிய நீளம் வாய்த்தால் அலைவாங்கியும் ஆகிவிடுகிறது. ஆகவே வானொலி மீடிறனில் உறுப்புகளை எங்கே, எவ்வளவு நெருக்கமாக வைக்கிறோம் என்பதும் வடிவமைப்பின் ஒரு பகுதியே. செப்புத்தகடு ஒட்டிய பலகையின் மேல் ஈயம் பற்றவைத்து, கால்களைக் கட்டையாக வெட்டி, நாம் மீண்டும் செய்தபோது அலையம் 6.79 இற்கு ஏறியது. திரான்சிற்றருக்குள்ளே இருக்கும் கொள்ளளவத்தை வெட்டி எறிய முடியாதாகையால், நாம் இட்ட கொள்ளளவியைச் சிறிது குறைத்தோம். 7.1 கிடைத்தது.

இங்கே கணிதம் தோற்கவில்லை என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். மேசை கேள்வியை எழுப்பியது. கணிதம் அதற்கு விடை தேடியது. எமது பரீட்சைகளிலோ கேள்வியும் தாளில், விடையும் தாளில். ஆய்வுகூடச் செயன்முறையும் பெரும்பாலும் முன்னரே தெரிந்த விடைக்கு அளவீடுகளை வளைக்கும் சடங்காகிவிட்டது. 6.37 பெற்ற மாணவன் அதனை அழித்து 7.12 என எழுதினால் புள்ளி பெறுவான். அழித்த இடத்திலேதான் அவன் கற்றிருக்க வேண்டிய பாடம் இருந்தது.

‘பற்றவைப்பதும் திருத்துவதும் தொழிலாளர் வேலை; பட்டதாரி வடிவமைப்பான்’ என்பர் சிலர். உடலுழைப்பைக் கீழோர்க்கு ஒதுக்கிய பழைய சமுதாய ஏற்பாடு, பட்டமளிப்பு அங்கி அணிந்து மீண்டும் வருவதையே இக்கூற்றில் காண்கிறேன். வரலாறு இதற்கு இடந்தரவில்லை. 1895 இல் கல்கத்தாவிலே சிற்றலைகளையெல்லாம் விஞ்சிய மில்லிமீற்றர் அலைகளைக் கொண்டு பரிசோதனை காட்டிய ஜகதீஸ் சந்திர போஸ், தமக்கு வேண்டிய கருவிகளைத் தாமே வடிவமைத்துக்கொண்டவர். இலண்டனில் பீ.பீ.சீ. தொடங்கியது 1922 இல். அடுத்த ஆண்டே, கொழும்பு மத்திய தந்தி நிலையத்தின் சிற்றறை ஒன்றிலிருந்து எட்வேட் ஹாப்பரும் தந்தித் திணைக்களப் பொறியியலாளரும் இசைத்தட்டு இசையைப் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினர். அந்த ஒலிபரப்பி, கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு ஆக்கப்பட்டது. 1925 டிசெம்பரில் முறையான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. பின்னாளில் ஆசியாவெங்கும் புகழ்பெற்ற இலங்கை வானொலியின் தொடக்கம் அந்தப் பழைய பாகங்களே. நூறாண்டு கடந்த பின்னர், அதே நாட்டின் பட்டதாரிகள் பெட்டியைத் திறக்க அஞ்சுகின்றனர்.

இன்னொரு சாரார், ‘இன்று யாவும் ஒரு சில்லினுள் அடங்கிவிட்டன; மென்பொருளே வானொலியாகிவிட்டது; சுருள் சுற்றுவது வீண்வேலை’ என்பர். மென்பொருள் வானொலிக்கும் முன்னால் ஓர் அலைவாங்கி நிற்கிறது, வடிகட்டி நிற்கிறது, விரியலாக்கி நிற்கிறது. சில்லை ஏற்றிய பலகையிலும் செப்புக்கோடு ஓடுகிறது. அக்கோட்டின் தூண்டுதிறனை மென்பொருள் கேட்டறிந்து கலைத்துவிடுவதில்லை. செலவைக் காரணங்காட்டுவதும் பொருந்தாது. ஒரு காலத்தில் பெரும் ஆய்வுகூடங்களுக்கே உரித்தாயிருந்த அளவைக் கருவிகளின் எளிய வடிவங்கள் இன்று ஒரு கைப்பேசியின் விலைக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. எங்களுக்குத் துணையானது ஒரு பழைய சிற்றலை வானொலி மாத்திரமே. ஒலிபரப்புவதற்கு உரிமம் வேண்டும் என்பது உண்மை. அவ்வுரிமத்தைப் படித்துப் பெறுவதும் இக்கல்வியின் ஒரு பகுதியே.

இனித் தமிழுக்கு வருவோம். தூண்டுதிறன், கொள்ளளவம், பரிவு, மீடிறன் என அழகிய சொற்கள் எம்மிடம் உள. ஆக்கித் தந்த முன்னோர்க்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஆயின் அவை பெரும்பாலும் அகராதியிலும் வினாத்தாளிலுமே வாழ்கின்றன. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் நோயாளரைப் பார்த்துக்கொண்டும் மாணவரைப் பயிற்றிக்கொண்டுமே மருத்துவத்தைத் தமிழில் எழுதினார். வேலை சொல்லைக் கேட்டது, சொல் வந்தது. எங்கள் மேசையிலும் அதுவே நிகழ்ந்தது. படத்தில் இல்லாமல் வந்து புகுந்த அந்த 25 பிக்கோபரட்டுக்கு நண்பர் ஒருவர் ‘களவுக் கொள்ளளவம்’ என்று பெயரிட்டார். அச்சொல் நிலைக்குமோ நிலைக்காதோ, நானறியேன். ஆனால் அதனை ஆக்கியவர் அக்களவை நேரிற் கண்டவர்.

ஆகவே எமது சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு ‘அறிவியற்றமிழ்’ பற்றி இன்னுமொரு பட்டிமன்றம் வேண்டாம். அச்செலவில் சங்க அறையின் மூலையில் ஒரு மேசை, ஈயம் பற்றவைக்கும் கோல் இரண்டு, சில செப்புப் பலகைகள் வாங்குவோம். எந்தப் பீடத்தவரும் வரட்டும். செய்தவற்றையும், முக்கியமாகச் செய்து பிழைத்தவற்றையும், தமிழில் எழுதி இம்மலரிலே வெளியிடுவோம். திருத்தகத்து முதியவரை வெறும் பார்வையாளராகவன்றி ஆசிரியராக அழைப்போம். விரிவுரையாளர்களும் கோலைக் கையிலெடுத்து எம்மருகே அமரட்டும். அவ்வேளையில், 6.37 என்று எழுதிய மாணவனைப் பார்த்து ‘பிழை’ என்று கூறுமுன், ‘ஏன்?’ என்று அவர்கள் கேட்பார்கள் என நம்புகிறேன்.