படத்தைக் காட்டாமல் படத்தை நீக்குவது

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு பெண் வழக்கறிஞரின் மனு விசாரணைக்கு வந்தது. அவருடைய சம்மதமின்றி அவரது அந்தரங்கக் காணொளிகள் பல இணையதளங்களில் பரவியிருந்தன. அவற்றை 48 மணி நேரத்துக்குள் அகற்ற நடவடிக்கை எடுக்குமாறு மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஆணையிட்டார். செய்திகளில் பெரிதாக இடம்பெற்றது அந்த 48 மணி நேரமே. ஆனால் அதே வழக்கில் நீதிமன்றத்தின் கண்டனத்துக்கு உள்ளான இன்னொன்று உண்டு: காணொளியில் இருப்பவரை அடையாளம் காண்பதற்காக, ஆண் காவலர்கள் உடனிருக்க, பாதிக்கப்பட்ட பெண்ணையே அதைப் பார்க்கச் செய்திருந்தார்கள்.

ஒருவரின் உடலை அவர் விரும்பாத கண்களுக்கு முன் வைத்ததுதான் குற்றம். அதையே நீதி தேடும் நடைமுறையும் வேறொரு பெயரில் செய்துவிடுகிறது. காவல் நிலையத்தில் பென்டிரைவ், நீதிமன்றத்தில் ஆவணம், நிறுவனத்தின் புகார்ப் படிவத்தில் திரைப்பிடிப்பு. ஒவ்வொரு படியிலும் பார்ப்பவர் எண்ணிக்கை கூடுகிறது. இணையவழி வன்முறையிலிருந்து மக்களைக் காக்கும் புதிய தொழில்நுட்பங்கள் பற்றிப் பேசும்போது அவற்றின் வேகமும் துல்லியமுமே அளவுகோல்களாக முன்வைக்கப்படுகின்றன. பாதிக்கப்பட்டவர் தம்மைக் காத்துக்கொள்வதற்காக மீண்டும் எவ்வளவு இழக்க வேண்டியிருக்கிறது என்பது அவ்வளவாகக் கேட்கப்படுவதில்லை. கேட்கப்பட வேண்டிய முதற்கேள்வி அதுவே.

இதற்கு நல்ல சான்று ஹாஷ் பொருத்தம் என்னும் முறை. ஒரு படத்தைக் கணித வழியில் சுருக்கி ஒரு நீண்ட எண்ணாக மாற்றலாம். அந்த எண்ணிலிருந்து படத்தைத் திரும்பப் பெற இயலாது; ஆனால் அதே படம் மற்றோரிடத்தில் ஏற்றப்பட்டால் அதே எண் தோன்றும். சாதாரண ஹாஷில் ஒரு புள்ளி மாறினாலும் எண் முழுதும் மாறிவிடும். காட்சியொப்புமை அடிப்படையிலான ஹாஷ்களோ அளவு குறைத்தல், நிறம் மாற்றுதல் போன்ற சிறு திருத்தங்களைத் தாங்கக்கூடியவை. 2009இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் ஹானி ஃபரீத் என்னும் பேராசிரியரும் உருவாக்கிய ஃபோட்டோடிஎன்ஏ குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமைப் படங்களைக் கண்டறிய இவ்வழியிலேயே பயன்பட்டது.

2017இல் ஃபேஸ்புக் ஆஸ்திரேலியாவில் ஒரு முன்னோட்டத் திட்டத்தை அறிவித்தது. தமது அந்தரங்கப் படம் பரவக்கூடும் என்று அஞ்சுவோர் அப்படத்தை மெசஞ்சர் வழியே அனுப்ப வேண்டும். நிறுவனத்தின் பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் அதைப் பார்த்து ஹாஷ் எடுப்பார். எதிர்ப்பு எழுந்ததில் வியப்பில்லை. பாதுகாப்பு வேண்டுவோரிடம் நிறுவனம் கேட்டது, அவர் எதை மறைக்க விரும்பினாரோ அதையே. நான்கு ஆண்டுகள் கழித்து, 2021 டிசம்பரில், பிரிட்டனின் உதவி மையம் ஒன்று மெட்டாவுடன் சேர்ந்து ஸ்டாப்என்சிஐஐ என்னும் சேவையைத் தொடங்கியது. அதில் ஹாஷ் கணக்கிடப்படுவது பயனரின் சொந்தக் கைப்பேசியிலேயே. படம் அங்கிருந்து நகர்வதில்லை. எண் மட்டுமே வெளியே செல்கிறது.

இரண்டுக்கும் அடிப்படைக் கணிதம் ஒன்றே. கணக்கு எந்த இடத்தில் நடக்கிறது என்பது மட்டும் மாறியது. அறவியல் என்பது பொறியியல் முடிந்த பின் ஒட்டப்படும் அறிக்கை என்று கருதும் துறைகள் இந்த நான்கு ஆண்டு இடைவெளியைப் பாடமாக வைக்கலாம்.

இந்தியாவில் சட்டம் இத்திசையில் நகராமலில்லை. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், அந்தரங்கப் படம் குறித்துப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் வேறொருவரோ புகார் அளித்தால் 24 மணி நேரத்துக்குள் அதை நீக்க நடவடிக்கை எடுக்குமாறு நிறுவனங்களைப் பணித்தன. 2023 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி சுப்பிரமணியம் பிரசாத் அளித்த தீர்ப்பு மேலும் ஒரு படி சென்றது. ஒருமுறை நீக்கப்பட்ட படம் மறுபடி தோன்றும்போதெல்லாம் பாதிக்கப்பட்டவர் புதிய இணைப்புகளுடன் வந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவரை மீண்டும் மீண்டும் இழிவுபடுத்துவதாகும் என்பது அத்தீர்ப்பின் சாரம். ஹாஷ் பொருத்தும் வசதி தேடுபொறிகளிடம் இருக்கும்போது தேடும் சுமையை அவர்களே ஏற்க வேண்டும் என்றது நீதிமன்றம். தேடுபொறி நிறுவனங்கள் இதை எதிர்த்து மேல்முறையீடு செய்தன. தன் படத்தைத் தானே நாள்தோறும் தேடிப் பார்க்கும் கொடுமையை ஒரு நீதிமன்றம் புரிந்துகொண்டு எழுதியது என்ற அளவில் அத்தீர்ப்பின் மதிப்பு குறைவதில்லை.

இம்முறையின் குறைகளையும் மறைக்கத் தேவையில்லை. ஹாஷ் எடுக்கப் படம் கையில் இருக்க வேண்டும். மறைகேமராவில் பதிவு செய்யப்பட்டவரிடமோ, முன்னாள் காதலன் பெயரளவுக்குக் காட்டி மிரட்டும் பெண்ணிடமோ அந்தப் படம் இருப்பதில்லை. இணைந்துள்ள நிறுவனங்களின் தளங்களில் மட்டுமே பொருத்தம் நடக்கும். இதே படங்களை வைத்துப் பிழைக்கும் தளங்கள் இணையப்போவதில்லை. கைப்பேசி வீட்டில் அனைவருக்கும் பொதுவாக இருக்கும் குடும்பத்தில், ‘உங்கள் கைப்பேசியிலேயே பாதுகாப்பாக’ என்ற வாக்குறுதிக்கு என்ன பொருள்? செய்யறிவால் உருவாக்கப்படும் போலிப் படங்கள் இன்னொரு சிக்கல். ஒரு போலிப் படத்தைத் தடுத்தால் அடுத்த நொடியில் முற்றிலும் வேறான மற்றொன்றை உருவாக்கிவிடலாம்.

இவற்றைவிட ஆழமான குறை ஒன்று வரையறையில் இருக்கிறது. 2021 ஜூலையில் ‘சுல்லி டீல்ஸ்’, 2022 புத்தாண்டு நாளில் ‘புல்லி பாய்’ என்ற பெயர்களில் கிட்ஹப் தளத்தில் செயலிகள் வெளிவந்தன. முஸ்லிம் பெண்களின் படங்கள் அங்கே ‘ஏலத்துக்கு’ வைக்கப்பட்டன. அவை அப்பெண்களே சமூக ஊடகங்களில் பகிர்ந்திருந்த சாதாரணப் படங்கள். ஆடையின்மை இல்லை, பாலியல் செயல் இல்லை. படத்தின் புள்ளிகளில் எந்தக் குற்றமும் இல்லை. அது வைக்கப்பட்ட இடத்தில்தான் குற்றம் இருந்தது. எந்த ஹாஷ் பட்டியலும் அதைப் பிடித்திருக்காது. இந்தியாவில் ஒரு பெண்ணின் வாழ்வைக் குலைக்க ஆடையற்ற படம் தேவையில்லை. வேற்றுச் சாதி இளைஞனுடன் தேநீர்க் கடையில் அமர்ந்திருக்கும் படம் போதும். வேறு நாட்டில் வகுக்கப்பட்ட ‘அந்தரங்கம்’ என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும் கருவி, இங்கு நிகழும் தீங்கில் பெரும்பகுதியைக் காணாமலே போகும்.

இத்தகைய இடைவெளிகளைச் சுட்டி, கருவிக்கு இன்னும் அதிக அதிகாரம் வேண்டும் என்ற குரல் எழுகிறது. கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. 2021 ஆகஸ்டில் ஆப்பிள் நிறுவனம், பயனர்கள் தன் மேகச் சேமிப்புக்கு ஏற்றும் படங்களை அவர்கள் கைப்பேசியிலேயே குழந்தை வன்கொடுமைப் பட்டியலுடன் பொருத்திப் பார்க்கும் திட்டத்தை அறிவித்தது. இன்று குழந்தைகளைக் காக்கும் பட்டியலில் நாளை ஓர் அரசு தனக்குப் பிடிக்காத படங்களைச் சேர்க்கச் சொன்னால் என்ன ஆகும் என்று ஆய்வாளர்கள் கேட்டார்கள். 2022 டிசம்பரில் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஸ்டாப்என்சிஐஐயிலும் ஹாஷ் கைப்பேசியில்தான் எடுக்கப்படுகிறது. ஆனால் அங்கே தொடங்குபவர் பாதிக்கப்பட்டவர், சோதிக்கப்படுவது அவர் தெரிவு செய்த படம் மட்டுமே. ஆப்பிள் திட்டத்திலோ அச்சேமிப்பைப் பயன்படுத்தும் எவருடைய படமும் சோதனைக்குரியது. வெளித்தோற்றத்தில் இரட்டையர் போன்ற இவ்விரண்டும் வெவ்வேறு அறங்களைச் சார்ந்தவை.

பொருத்துவதற்கும் ஊகிப்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். 2021இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, நோயுற்ற தன் மகனின் படத்தை மருத்துவருக்காக எடுத்தார். முன்பே அறியப்பட்ட படங்களுடன் பொருத்தாமல், புதிய படங்களையும் ஊகித்து வகைப்படுத்தும் கூகுளின் செய்யறிவு அதைக் குற்றமாகக் கருதியது. காவல்துறை அவர்மேல் குற்றமில்லை என்று முடிவு செய்த பின்னும் அவருடைய கணக்கு மீளவில்லை. அதே ஆண்டு ஜனவரியில் லக்னோ காவல்துறை, பெண்களின் முகபாவத்தைப் படித்து அவர்கள் துன்பத்தில் இருக்கிறார்களா என்று கண்டறியும் கேமராக்களைச் சுமார் 200 இடங்களில் நிறுவப்போவதாக அறிவித்தது. தெருவில் நடக்கும் பெண் முகம் சுளித்தால் இயந்திரம் காவலரை அழைக்கும். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. பாதுகாப்பின் பெயரால் பெண்ணின் முகமே கண்காணிப்புப் பொருளானது.

2021 விதிகளின் 4(4)ஆம் விதி பெரிய சமூக ஊடக நிறுவனங்கள் இத்தகைய தானியங்கிக் கருவிகளைப் பயன்படுத்த முயல வேண்டும் என்று 2021இல் கூறியது. கூடவே கருத்துச் சுதந்திரம், தனியுரிமை ஆகியவற்றுக்கு ஏற்ற அளவில் அவை அமைய வேண்டும் என்றும், மனித மேற்பார்வை வேண்டும் என்றும் நிபந்தனை இடுகிறது. 2017இல் உச்ச நீதிமன்றம் புட்டசாமி தீர்ப்பில் வலியுறுத்திய சட்ட அடிப்படை, தேவை, அளவுப் பொருத்தம் ஆகியவற்றின் எதிரொலி அது. நிபந்தனைகள் காகிதத்தில் நன்றாகவே இருக்கின்றன. அவற்றை எந்த நிறுவனம் எப்படி நிறைவேற்றுகிறது என்பதைச் சுதந்திரமான ஆய்வாளர்கள் சோதிக்க வாய்ப்பளிக்கும் ஏற்பாடுதான் இல்லை.

ஆய்வுலகமும் இதில் வெறும் பார்வையாளர் அன்று. டீப்ஃபேக் கண்டறியும் நிரல்களை உருவாக்கும் ஆய்வேடுகள் கணினி அறிவியல் துறைகளில் பெருகிவருகின்றன. அவற்றைப் பயிற்றுவிக்கப் படத்தொகுப்புகள் தேவை. அத்தொகுப்புகளில் உள்ள முகங்களுக்கு உரியவர்கள் சம்மதித்தார்களா? இணையத்திலிருந்து திரட்டப்பட்ட அவதூறுப் படங்கள் ஓர் ஆய்வு மாணவரின் மடிக்கணினியில் எவ்வளவு காலம் இருக்கும், பட்டம் பெற்ற பின் அவை என்னாகும்? மருத்துவ ஆய்வில் ஒரு சொட்டு இரத்தம் எடுக்கவும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். முகங்களைச் சேகரிக்கும் ஆய்வுக்கு அந்தக் கண்டிப்பு பெரும்பாலும் எட்டுவதில்லை. கல்வி நிறுவனங்களின் உள்ளகப் புகார்க் குழுக்களும் இப்படித்தான். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இக்குழுக்களில் ஒன்றிடம் ஒரு மாணவி தன் படம் பரவுவதாகப் புகார் அளித்தால், ‘சான்று’ எத்தனை நகல்களில், யார் மேசையில், எந்தப் பேராசிரியரின் மின்னஞ்சலில் தங்கும் என்பதற்கு எழுதப்பட்ட விதி அக்குழுவிடம் இருக்கிறதா? படத்தைப் பார்க்காமலே அதன் ஹாஷையும் பதிவேற்றப்பட்ட இடத்தையும் நேரத்தையும் பெற்று முதற்கட்ட விசாரணையைத் தொடங்க முடியும். அதற்குப் புதிய கருவி எதையும் வாங்க வேண்டியதில்லை. குழுவின் அடுத்த கூட்டத்தில் நடைமுறையை மாற்றி எழுதினால் போதும்.