கால் பெரிதா? செருப்பு சிறிதா?



சென்னையில் ஒரு பெரிய செருப்புக் கடைக்கு நமது நண்பர் ஒருவர் தம் மகளை அழைத்துப் போனார். பெண் நல்ல உயரம். வக்கீல் பரீட்சை தேறியவள். ஹை ஹீல்ஸ் என்கின்ற குதியுயர்ந்த செருப்பில் 9ஆம் நம்பர் ஒரு ஜோடி கேட்டாள். கடைச் சிப்பந்தி குனிந்து பார்த்துவிட்டு, "உங்கள் கால் ரொம்பப் பெரிதம்மா, லேடீஸில் 8க்கு மேல் வராது" என்றாராம். அவள் ஒன்றும் பேசாமல் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள் என்று நண்பர் சொன்னபோது நமக்கு உண்டான ஆத்திரம் கொஞ்சமல்ல. செருப்பு சிறிது என்று சொல்லவேண்டிய இடத்தில் கால் பெரிது என்று சொல்லுகிற தைரியம் எங்கிருந்து வந்தது? தொப்பி பற்றாவிட்டால் தலையையா செதுக்கிக் கொள்வது?

இந்த நம்பர்க் கணக்கைச் சற்று கவனியுங்கள். இது இங்கிலீஷ்காரன் கணக்கு. ஒரு வாற்கோதுமை மணியின் நீளம் என்பதாக அங்குலத்தில் மூன்றிலொரு பங்கை வைத்துக்கொண்டு, அதற்கொரு நம்பராக ஏற்றிக்கொண்டு போவது. (நம் நாட்டுக் கால்களுக்கென்று தனிக் கணக்குச் செய்வதற்காக அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் லட்சம் பேருக்கு மேல் அளந்தார்கள் என்பது வேறு விஷயம்.) அந்த இங்கிலீஷ் கணக்கில் பெரியவர்களுக்கு ஆண் பெண் என்ற பேதமே கிடையாது. ஆணின் 9ம் பெண்ணின் 9ம் ஒரே நீளந்தான். அதே கடையில் பத்தடி தள்ளி ஆண்கள் பக்கம் போனால் 9ம் இருக்கிறது, 10ம் இருக்கிறது. அந்த ஆணைப் பார்த்து "ஐயா, உங்கள் கால் ரொம்பப் பெரிது" என்று எந்தச் சிப்பந்தியாவது சொன்னதுண்டா?

வியாபாரிகள் ஒரு சமாதானம் சொல்லுவார்கள். செருப்புத் தைக்க நம்பருக்கு நம்பர் தனித்தனி அச்சுக்கட்டை வேண்டும், குதி உயர்ந்தால் அடிப்பாகம் சரிவாகிறபடியால் உள்ளே வைக்கும் இரும்புப் பட்டையும் குதிக்கட்டையும் நீளத்துக்குத் தக்கபடி மாறவேண்டும், கேட்பவர்களோ சொற்பம், ஆகையால் நஷ்டம் என்பார்கள். அச்சுக்கட்டை விஷயம் வாஸ்தவம். கேட்பவர்கள் சொற்பம் என்பதுதான் புரட்டு. ஒரு தடவை கேட்டு அவமானப்பட்டுத் திரும்பினவள் மறுபடியும் அந்தக் கடைப்படி ஏறுவாளா? விரட்டிவிட்டவன் தலையெண்ணிக் கணக்குச் சொன்னால் அதற்கு என்ன யோக்கியதை? இங்கிலாந்தில் நார்த்தாம்ப்டன்ஷைர் ஜில்லாவில் எர்ல்ஸ் பார்ட்டன் என்ற ஊரில், பரம்பரையாக ஆண்களுக்குப் பூட்ஸ் தைத்து வந்து வியாபாரம் நொடித்த ஒரு தொழிற்சாலை, 1990களில் பெண் வேஷம் போடும் ஆண்களுக்கென்று பெரிய அளவில் ஹை ஹீல்ஸ் பூட்ஸ் தைத்து விற்றது. 2005இல் அதை வைத்து ஒரு சினிமாவே வந்தது. ஆண் காலுக்கு அகப்படுகிற அச்சுக்கட்டை, பெண் காலுக்கு மாத்திரம் அகப்படாதோ?

"ஹை ஹீல்ஸே கெடுதல்தானே, கிடைக்காமற் போனால் நல்லதுதானே?" என்று சில தோழர்கள் கேட்கலாம். குதி உயர உயர உடம்பின் பாரம் விரல்களின் மேல் இறங்குகிறது, நாளாவட்டத்தில் பெருவிரல் கோணுகிறது என்பதெல்லாம் மெய்யே. நம்மைக் கேட்டால் நாம் அதைச் சிபார்சு செய்யப் போவதில்லை. ஆனால் நம்மை யார் கேட்டார்கள்? விடுவதானால் அவள் விடட்டும். அன்றியும், 9 கேட்டவள் ஹை ஹீல்ஸை விட்டுவிடுகிறாளா? 8க்குள் காலைத் திணித்துக்கொண்டு நடக்கிறாள். கெடுதல் இரட்டிப்பாகிறதே தவிரக் குறைவதில்லை.

இன்னொரு வேடிக்கை. 2015 டிசம்பரில் லண்டனில் ஓர் ஆபீசுக்கு வரவேற்பு வேலைக்கு வந்த ஒரு பெண்ணை, தட்டைச் செருப்பு போட்டு வந்தாள் என்ற ஒரே காரணத்துக்காகச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2 முதல் 4 அங்குலம் வரை குதி வேண்டுமாம்! ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டு விண்ணப்பம் போட்டு, 2017 மார்ச்சில் பார்லிமெண்டில் விவாதம் நடந்தது. சர்க்கார் சட்டத்தை மாற்ற மறுத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்குக் கால் 10ஆம் நம்பராயிருந்திருந்தால் அவள் எங்கே போயிருப்பாள்? எஜமான் போடு என்கிறான். கடைக்காரன் இல்லை என்கிறான். இருவரும் சேர்ந்து அவள் காலைப் பழிக்கிறார்கள்.

பெண்ணுக்குப் பாதம் சிறுத்திருப்பதுதான் லட்சணம் என்ற பழைய பஞ்சாங்கந்தான் இதற்கெல்லாம் வேர். சீன தேசத்தில் பெண் குழந்தையின் காலைத் துணியால் இறுக்கி எலும்பை ஒடித்துச் சிறிதாக்கினார்கள். 1912இல் குடியரசு வந்து அதைத் தடுத்து உத்தரவு போட்டது. நம் சாமுத்திரிகா லட்சணக்காரர்களோ பெண்ணின் கால்விரல் நீளத்தைப் பார்த்துப் புருஷனுக்கு ஆயுசு சொல்லுகிறார்கள். ஆனால் இந்த உயர்ந்த குதி ஆதியில் யாருடையது? பாரசீகக் குதிரை வீரர்கள் அங்கவடியில் கால் நழுவாமலிருக்கப் போட்டது. பிரான்சு தேசத்து ராஜா பதினான்காம் லூயி சிவப்புக் குதி வைத்துப் போட்டுக்கொண்டு சபையில் நின்றார். அவர் காலை யாரும் அளந்து பரிகசிக்கவில்லை.

போகட்டும், இயற்கையாவது இவர்கள் பேச்சைக் கேட்கிறதா என்றால் அதுவுமில்லை. கர்ப்பத்தில் அநேகப் பெண்களுக்குப் பாதம் 2 முதல் 10 மில்லிமீட்டர் வரை நீளுகிறது என்று அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையார் 2013இல் அளந்து வெளியிட்டார்கள். ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் உள்ள தூரமே எட்டரை மில்லிமீட்டர்தான். கலியாணத்தில் 8 போட்டவள் பிள்ளை பெற்றபின் 9க்கு வந்து நிற்கலாம். தாய்மை, தாய்மை என்று மேடை மேடையாய்ப் பூஜிக்கிறவர்கள் அந்தத் தாய்க்கு ஒரு ஜோடி செருப்பு வைத்திருக்கிறார்களா?

நமது நண்பரின் மகள் இப்போது ஆண்கள் பக்கத்தில் வாங்கிய 9ஆம் நம்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டுதான் கோர்ட்டுக்குப் போகிறாள். அவளிடமிருக்கும் ரசீதில் 'ஜென்ட்ஸ்' என்று அச்சடித்திருக்கிறது.