மிக்ஸிக்குக் கிடைக்கிறது, செல்போனுக்குக் கிடைப்பதில்லை

ஸ்ரீரங்கத்தில் மிக்ஸி நின்றுபோனால் யாரும் அதை உடனே தூக்கிப் போடுவதில்லை. உத்திர வீதிப் பக்கம் ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோகிறார்கள். கடைக்காரர் அடிமூடியைக் கழற்றியதும் கார்பனைத்தான் பார்ப்பார். மோட்டாரின் சுழலும் பாகத்துக்கு மின்சாரத்தைக் கொண்டுபோகும் சிறு கரித்துண்டு அது. உரசி உரசித் தேயும். தேய்ந்தால் பொறி பறக்கும், பிறகு மோட்டார் நின்றுவிடும். புதியதைப் போட அதிகம் செலவில்லை. கப்ளர் உடைந்தாலும் மாற்றிக்கொள்ளலாம். காயில் எரிந்தால்கூட மறுபடி கம்பி சுற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி திருச்சி சிங்காரத்தோப்பில் ஒரு செல்போன் கடை. பேட்டரி உப்பிவிட்டது. பின்மூடி பசையால் ஒட்டப்பட்டிருப்பதால் சூடு காட்டி, மெல்லிய தகட்டைச் செருகி நெம்ப வேண்டும். பேட்டரியும் உள்ளே ஒட்டப்பட்டிருக்கும். பொறுமையாக மாற்றி முடித்தால், சில போன்களில் புதிய சிக்கல் வரும்: பாகத்தை அடையாளம் காண முடியவில்லை என்று திரையில் எச்சரிக்கை. இதைப் பாகப் பிணைப்பு எனலாம். ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண் தந்து, அந்த எண்ணைத் தாய்ப்பலகையோடு மென்பொருளால் கட்டிவிடுவது இது. பாகம் நல்லதாகவே இருந்தாலும், நிறுவனத்தின் மென்பொருள் ஒப்புக்கொள்ளாவிட்டால் சில வசதிகள் வேலை செய்யாது.

இரண்டு கடையிலும் கைத்திறன் இருக்கிறது. வேறுபாடு மற்றவற்றில்: உதிரிபாகம், வரைபடம், கருவி, மென்பொருள் அனுமதி. இந்த நான்கும் நிறுவனத்துக்கு வெளியே இருப்பவருக்கும் நியாயமான விலையில் கிடைக்க வேண்டும் என்பதுதான் பழுது பார்க்கும் உரிமை. இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும் என்று அது கேட்கவில்லை.

இவை கையில் இருந்தால் ஒரு பொருள் எவ்வளவு காலம் ஓடும்? திருச்சியிலேயே பதில் உண்டு. நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சின்கள் முதலில் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்யப்பட்டவை. பழையவற்றுக்கு நூறு வயதாகிறது. அவற்றைப் பிரித்துப் பூட்டிச் செப்பனிடுவது பொன்மலை ரயில்வே பணிமனை. அதே வகையில் புதிய எஞ்சின்களையும் அங்கேயே செய்துவிட்டார்கள். மூன்று வருடப் போனுக்குப் பாகம் இல்லை என்று கேள்விப்படும் ஊரில்தான் இதுவும் நடக்கிறது.

சட்டம் எங்கே நிற்கிறது? கார்களில் இந்தக் கேள்வி முன்பே வந்தது. உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் வைத்திருந்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விவகாரம் பிறகு மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்து நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது: விவசாயக் கருவிகள், செல்போன்களும் டேப்லெட்டுகளும், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள். அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று ஓர் இணையவாசல் திறக்கப்பட்டது. உத்தரவாத விவரம், சர்வீஸ் சென்டர், உதிரிபாகம் பற்றிய தகவல்களை நிறுவனங்கள் அதில் தருகின்றன. தகவல் கிடைக்கிறது; பாகத்தை விற்றே தீர வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை.

மின்கழிவு விதிகள் கட்டாயமானவை. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள அவற்றின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட எடையை மறுசுழற்சி செய்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும். பழையதைப் புதுப்பித்துப் பயன்படுத்துவதற்கும் அவற்றில் இடம் உண்டு. ஆனாலும் விதிகளின் அழுத்தம் பொருள் கழிவான பிறகே விழுகிறது. மறுசுழற்சியில் செம்பும் கொஞ்சம் தங்கமும் திரும்பக் கிடைக்கும். ஓடக்கூடிய போன் கிடைக்காது.

நிறுவனங்கள் சொல்லும் காரணங்களையும் கேட்க வேண்டும். லித்தியம் பேட்டரியைத் தவறாகக் குத்தினால் தீப்பிடிக்கும். நீர் புகாத மூடியைத் திறந்தால் அந்தக் காப்பு போய்விடலாம். பாகப் பிணைப்பு இருந்தால் திருட்டுப் போனைப் பிரித்து விற்பது கடினம். இவை பொய்யல்ல. ஆனால் முதல் இரண்டுக்கும் மருந்து செய்முறைக் கையேடும் நல்ல பாகமும்தான்; அவற்றைப் பூட்டி வைத்தால் கடைக்காரர் கையில் கிடைப்பது போலிப் பேட்டரி.

அடுத்த படி, பழுதுபார்ப்புக் குறியீடு. ஒரு பொருளைச் சரிசெய்வது எவ்வளவு எளிது என்று மதிப்பெண் போட்டு, விற்கும் இடத்திலேயே காட்டுவது. பிரான்சில் இது 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இங்கே செல்போன், மின்னணுப் பொருட்களுக்கான வரைவை ஒரு குழு 2025 மே மாதம் அரசிடம் அளித்தது. பிரிப்பதன் எளிமை, பாகம் கிடைக்கும் வேகம், கருவி, தகவல், மென்பொருள் புதுப்பிப்பு எல்லாம் அதில் கணக்கில் வருகின்றன. மதிப்பெண்ணை நிறுவனமே அறிவிக்கும் என்பது திட்டம். அதைச் சரிபார்க்க வெளியார் ஒருவர் வேண்டும் என்பது என் எண்ணம். உதிரிபாகத்தின் விலைக்கும் அதிக எடை தரலாம். திரை மாற்றும் செலவு போன் விலையில் பாதியைத் தொட்டால், மற்ற மதிப்பெண்கள் எவ்வளவு உயர்ந்தாலும் வாடிக்கையாளர் புதுப் போன்தான் வாங்குவார்.