டிஸ்சார்ஜ் தாளின் கடைசி வரி


போன மாதம் எங்களில் ஒருவரை இழந்தோம். பள்ளத்தூர்ப் பக்கத்து ஆச்சி. மதுரையில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு நல்லபடியாகத் திரும்பியவர். துக்கம் கேட்கப் போனபோது அவர் மகள் மஞ்சள் பையிலிருந்து டிஸ்சார்ஜ் தாளை எடுத்துக் காட்டினார். மருந்துப் பட்டியலுக்குக் கீழே, ஆங்கிலத்தில் ஒரு வரி: இதய மறுவாழ்வுப் பயிற்சிக்கு வாரம் 3 முறை, 12 வாரம் வரவும். அதை யாரும் அவருக்குப் படித்துச் சொல்லவில்லை. எந்த மாத்திரை எப்போது என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சொல்லியிருந்தாலும் போயிருப்பாரா? மதுரைக்குப் போக ஏறத்தாழ 90 கிலோமீட்டர், வர 90. 36 முறைக்கு 6,480 கிலோமீட்டர்! நெஞ்சுவலியிலிருந்து மீண்டவர் பஸ்ஸில் போகிற தூரமா இது? துணைக்கு வருபவருக்கு 36 நாள் கூலி போகும். பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்க, இரண்டு தெருவுக்கு நீளும் வீட்டில் தனியாக இருக்கும் ஐயாவையும் ஆச்சியையும் யார் கூட்டிப்போவது? பெண்களோ, "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்று அடுப்படிக்குத் திரும்பிவிடுகிறார்கள். நாமும் அதை நம்பிக்கொள்கிறோம். அறுபதாம் சாந்திக்கு ஊரெல்லாம் கார் அனுப்பும் நமக்கு, நோயாளியை அழைத்துப்போக ஒரு கார் கிடைப்பதில்லை.

இந்த மறுவாழ்வுப் பயிற்சி வெறும் கைகால் நீட்டும் வேலை இல்லை. நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்து நடக்கவைத்து, சாப்பாடு, புகை, மனக்கவலைக்கும் வழி சொல்லும் வைத்தியம். 23,430 நோயாளிகள் பங்கேற்ற 85 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், இந்தப் பயிற்சி பெற்றவர்களிடம் இதய நோய்ச் சாவு 26 சதவீதம் குறைந்திருந்தது. இந்தியாவிலோ 360 இதய நோயாளிக்குப் பயிற்சியில் ஓர் இடம்தான் என்கிறது ஒரு கணக்கு.

2023 முதல் அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருபவருக்குத் துணை சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரை கொடுத்து உயிரைப் பிடித்துவைக்கிறார்கள், நன்றி. பிடித்துவைத்த உயிரை அப்புறம் யார் பார்ப்பது? காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. இங்குள்ள அரசு தலைமை மருத்துவமனையில் வாரம் 3 நாள் இந்தப் பயிற்சி நடக்க வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை மருத்துவர், இதய நோயாளி வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும். இதைக் கேட்டு மனு கொடுக்கிறோம், கையெழுத்திடுங்கள். கவுன்சிலர் வாசலுக்கு வரும்போதும் கேளுங்கள். கேட்காமல் இருந்துவிட்டு அடுத்த துக்க வீட்டில் கூடி அழுவதில் பயனில்லை.

உங்கள் வீட்டில் ஒரு டிஸ்சார்ஜ் தாள் இருந்தால், இன்றைக்கே எடுத்துக் கடைசி வரி வரை படியுங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டார இதய நோயாளிகளும் குடும்பத்தாரும்