தெப்பக்குளத்தில் ‘தண்ணி’!

மதுரைக்கு மாற்றலாகி வருகிற பிரம்மசாரிகள் வழக்கமாக இரண்டு கேள்விகள் கேட்பார்கள். முதலாவது, “நல்ல ரூம் கிடைக்குமாண்ணே?” இரண்டாவதைக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். “சாயங்காலம் காத்தாட உட்கார்ந்து சாப்பிட... அப்படியே தண்ணி...?”

“தெப்பக்குளத்துக்குப் போங்க தம்பி” என்பதுதான் இரண்டாவது கேள்விக்குப் பதில். சாப்பாடும் உண்டு. தண்ணியும் உண்டு. ஆனால் அது வைகைத் தண்ணி. குடிக்க முடியாது, பார்க்கத்தான் முடியும். பார்ப்பதே போதும் என்பது ஒரு ஜிகர்தண்டா காலியாவதற்குள் புரிந்துவிடும்.

கோயிலுக்குக் கிழக்கே, காமராஜர் சாலை போய்ச் சேருகிற இடத்தில் இருக்கிறது வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டியது. கிட்டத்தட்ட 1000 அடிக்கு 950 அடி. கரையில் மாரியம்மன் கோயில், தியாகராசர் கல்லூரி. நடுவில் மைய மண்டபம், அதற்குள் ஒரு பிள்ளையார். குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். டாக்டர் நடக்கச் சொன்னவர்கள் இங்கே வந்துதான் நடக்கிறார்கள். அதே கரையில் பஜ்ஜியும் போடுகிறார்கள். வரவும் செலவும் ஒரே பக்கத்தில் எழுதப்படும் விசித்திரமான பேரேடு இது!

தெப்பக்குளத்துக்கும் தீனிக்கும் உள்ள உறவு இன்று நேற்றையது அல்ல. இங்கே மண் வெட்டியபோது கிடைத்தவர்தான் மீனாட்சியம்மன் கோயிலில் உட்கார்ந்திருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் என்று சொல்வார்கள். விநாயகர் சதுர்த்தி அன்று அவருக்கு முக்குறுணி, அதாவது 18 படி அரிசியில் கொழுக்கட்டை. இந்தக் குளத்திலிருந்து புறப்பட்ட முதல் சாப்பாட்டு ராமன் அவர்தான். நாமெல்லாம் அவர் பரம்பரை.

சரி, என்ன சாப்பிடலாம்?

ஆறு மணிக்கு மேல் போங்கள். தள்ளுவண்டிகள் வரிசை கட்டி நிற்கும். பட்டாணி சுண்டல், மாங்காய்க் கீற்று, அவித்த கடலை, மிளகாய் பஜ்ஜி, பானிபூரி, பரோட்டா என்று எது கண்ணில் படுகிறதோ அதில் ஆரம்பிக்கலாம். ஆனால் எண்ணெய்ச் சட்டியை ஒருமுறை எட்டிப் பாருங்கள். எண்ணெய் டீ நிறத்தில் இருந்தால் உட்காருங்கள். டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த வண்டிக்கு நகருங்கள்.

ஆபீஸ் வாசிகளுக்காக ஒரு கால அட்டவணை:

1-ம் தேதியிலிருந்து 10 வரை: கறி தோசை. தடித்த தோசை மேல் முட்டை, அதன் மேல் மசாலாக் கொத்துக்கறி. இதற்குக் குளக்கரையை விட்டுச் சிம்மக்கல் பக்கம் போக வேண்டும். பர்ஸ் கனமாக இருக்கும்போது கொஞ்சம் நடப்பது நல்லது.

11 முதல் 20 வரை: கொத்து பரோட்டா. கல்லில் ‘டக டக’ சத்தம் கேட்டாலே பாதிப் பசி தீரும். மீதிப் பசிக்குச் சால்னா. மதுரையில் சால்னாவைத் தொட்டுக்கொள்வது என்பது விருந்தாளிகள் செய்கிற காரியம். ஊர்க்காரர்கள் பரோட்டாவை அதில் குளிப்பாட்டுவார்கள்.

21 முதல் மாதக் கடைசி வரை: சுண்டல். ஒரு பொட்டலம், ஒரு படிக்கட்டு, நிறையக் காற்று. குளத்தைப் பார்க்கிற மேஜைக்குத் தனி ரேட் போடுகிற ஓட்டல்கள் உலகத்தில் நிறைய இருக்கின்றன. இங்கே சுண்டலுக்கு மட்டும்தான் காசு. நிலா, குளம், மைய மண்டபம் மூன்றும் கொசுறு.

ஜிபே வந்த பிறகு ஒரு சங்கடம். பணம் விழுந்ததும் வண்டியில் இருக்கிற பெட்டி ஊருக்கே கேட்கிற மாதிரி தொகையைக் கத்திச் சொல்கிறது. வீட்டில் ‘ஆபீஸில் லேட்’ என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் சில்லறையாகக் கொண்டு போவது உத்தமம்.

அடுத்து, குடிக்க.

ஜிகர்தண்டா. ‘ஜிகர்’ என்றால் ஈரல், நெஞ்சு. ‘தண்டா’ என்றால் குளிர்ச்சி. சுண்டக் காய்ச்சிய பால், ராத்திரியே ஊறப் போட்டுப் பொங்கிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். குடிப்பதா சாப்பிடுவதா என்று முடிவு செய்யவே பாதி டம்ளர் போய்விடும். மேனேஜர் திட்டிய அன்றைக்கு இரண்டு டம்ளர் சிபாரிசு செய்யப்படுகிறது.

மழை நாளில் பருத்திப்பால். பருத்திக் கொட்டையை ஊற வைத்து, ஆட்டிப் பால் பிழிந்து, அரிசி மாவு, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய், தேங்காய் சேர்த்துக் காய்ச்சுவது. சட்டைக்குப் பஞ்சு, மாட்டுக்குக் கொட்டை என்று நிறுத்தாமல், கொட்டையிலிருந்து மனுசனுக்கும் ஒரு டம்ளர் கறந்தவன் நிச்சயம் மதுரைக்காரனாகத்தான் இருக்க வேண்டும். நெஞ்சுச் சளிக்கு நல்லது என்பார்கள். நாக்குக்கு நல்லது என்பதற்கு நானே சாட்சி.

இப்போது அந்த ‘தண்ணி’ விஷயத்துக்கு வருவோம்.

நிறைய வருஷங்கள் இந்தக் குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கூட்டம் என்னவோ அப்போதும் உள்ளே இறங்கியது, கிரிக்கெட் ஆட! நாயக்கர் வெட்டிய குளத்தில் பையன்கள் சிக்ஸர் அடித்தார்கள். தைப்பூசத்துக்கு மீனாட்சியும் சொக்கநாதரும் தெப்பத்தில் உலா வர வேண்டிய இடம் இது. தண்ணீர் இல்லாத வருஷங்களில் தெப்பம் மிதக்காமல் நின்ற இடத்திலேயே நிற்கும். ‘நிலைத் தெப்பம்’ என்று அதற்குப் பெயர். பஸ் ஓடாததற்கு ‘நிலை பஸ்’ என்று பெயர் வைத்த மாதிரி.

2019-20 வாக்கில் பனையூர் கால்வாயைச் சீர்செய்து வைகைத் தண்ணீரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். குளம் நிரம்பியது. தண்ணீரைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக ஜனம் வந்தது. ஜனம் வந்தால் வண்டி வரும்.

அந்தத் தண்ணீரின் பயணத்தை யோசித்துப் பாருங்கள். 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணை, மேற்கே போக இருந்ததைக் கிழக்கே திருப்பியது. 1959-ல் வைகை அணை அதைத் தேக்கியது. அங்கிருந்து இறங்கி, பேரணை தாண்டி, எங்கள் சோழவந்தான் கொடிக்கால்களுக்கு ஒரு வாய் கொடுத்துவிட்டு, மதுரை வந்து, கால்வாயில் திரும்பிக் குளத்தில் விழுகிறது. இத்தனை தூரம் வந்த விருந்தாளியை நாம் எப்படி வரவேற்கிறோம்? சுண்டல் பொட்டலத்தைக் கசக்கி அதன் முகத்தில் எறிகிறோம்.

தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கப்புக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1-ல். கப் இன்னும் அது தெரியாமல் மிதக்கிறது. ஒரு வண்டியில் பருத்திப்பால் ஆற்றிக்கொண்டிருந்த அக்கா, டம்ளரைக் குளத்துப் பக்கம் ஓங்கிய ஒரு டை கட்டிய இளைஞரிடம் சொன்னார்: “தம்பி, அங்கிட்டுப் போடாதீக. குளத்துல தண்ணி நின்னாத்தேன் எங்க வீட்டு அடுப்புல உலை கொதிக்கும்.” இளைஞர் டம்ளரைப் பத்திரமாகக் கையிலேயே வைத்துக்கொண்டு, குப்பைத் தொட்டி தேடி அரைச் சுற்று நடந்தார். டாக்டர் சொல்லாமலே!

தெருவோர வியாபாரிகளைக் காப்பாற்ற 2014-ல் சட்டம் வந்தது. நல்லது. ஆனால் கால்வாய் அடைத்துக் குளம் வற்றினால், கூட்டத்தைத் திரும்பக் கூட்டித் தர எந்தச் சட்டத்தாலும் முடியாது.

பி.காம். பாஷையில் சொன்னால் விஷயம் இதுதான். 1645-ல் ஒருவர் முதல் போட்டுவிட்டுப் போனார். நாம் அதன் வட்டியில் பஜ்ஜி சாப்பிடுகிறோம். வட்டியை வயிறார அனுபவியுங்கள். முதலில் கை வைக்காதீர்கள்.

சாப்பிட்டு முடித்ததும் வெற்றிலை போடுங்கள். சோழவந்தான் வெற்றிலையாகக் கேட்டு வாங்குங்கள். 2023-ல் புவிசார் குறியீடே வாங்கிய இலை. அதுவும் உங்கள் எதிரே கிடக்கிற அதே வைகைத் தண்ணீரில் வளர்ந்ததுதான்.

மென்று முடித்தபின் துப்ப மட்டும் குளத்துப் பக்கம் திரும்பாதீர்கள். மைய மண்டபத்தில் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார். நாலு கரையும் அவருக்குத் தெரியும். சிசிடிவி மாதிரி அவர் ரிப்பேரும் ஆவதில்லை!