மஞ்சள் இலைக்கு என்ன மருந்து?

“வாழை மஞ்சளாகுது. என்ன மருந்து அடிக்கலாம்?” திருச்சி மாவட்டத்தில் முத்தரசநல்லூர், ஜீயபுரம், அந்தநல்லூர், திருப்பராய்த்துறை என்று காவிரிக்கரை நெடுக வாழை போட்டிருக்கும் ஊர்களில், விவசாயிகள் கூடுகிற இடமெல்லாம் இந்தக் கேள்வி வரும். டீக்கடையில் வரும், வாட்ஸ்அப் குழுவில் வரும், உரக்கடை வாசலில் வரும். என்ன ரகம், நட்டு எத்தனை மாதம், மண் களியா மணலா, தண்ணீர் தேங்கியதா என்ற விவரம் எதுவும் கூட வராது.

பதில்களும் பழகியவைதான். அனுபவப்பட்ட விவசாயி ஒருவர், “இதைத்தானே போன வாரமும் சொன்னோம்” என்று சலித்துக்கொள்வார். இன்னொருவர் ஒரு பூஞ்சைக்கொல்லியின் பெயரை மட்டும் சொல்வார். மூன்றாமவர் பொட்டாஷ் போடச் சொல்வார். சலிப்பு கேட்டவரை வாயடைக்க வைக்கிறது. விசாரிக்காமல் சொன்ன மருந்து அவருடைய கொல்லையையே கெடுக்கக்கூடியது. இரண்டில் பின்னதே பெரிய தீங்கு என்பேன்.

வாழை இலை மஞ்சளாவதற்குக் காரணம் ஒன்றல்ல. கீழ் இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு மடிந்து தண்டோடு ஒட்டித் தொங்கினால் வாடல் நோயைச் சந்தேகிக்க வேண்டும். தண்டின் அடி வெடித்திருக்கும். கிழங்கை வெட்டினால் உள்ளே செம்பழுப்பு நிறம் தெரியும். கீழ் இலைகளின் நுனியும் ஓரமும் மஞ்சளாகிக் கருகினால் சாம்பல் சத்துக் குறைவாக இருக்கலாம். குருத்தை ஒட்டிய இளம் இலையில் நரம்பு பச்சையாக இருக்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி வெளுத்தால் இரும்புச் சத்துப் பற்றாக்குறை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அது அடிக்கடி வரும். சிறு மஞ்சள் கோடுகளாகத் தொடங்கி, நடுவில் சாம்பல் நிறமாகக் காய்ந்தால் இலைப்புள்ளி நோய். அடைமழையில் வேர் அழுகினாலும் இலை மஞ்சள்தான்.

இலைப்புள்ளிக்குத் தெளிக்கும் மருந்து வாடல் நோயைக் குணப்படுத்தாது. வாடல் பூஞ்சை மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறி, தண்டுக்குள் நீர் போகும் பாதையை அடைக்கிறது. மேலே மருந்தடித்துவிட்டுக் காத்திருக்கும் நாள்களில் அது பாசனத் தண்ணீரோடு அடுத்த மரத்துக்குப் போகிறது. அந்தக் கொல்லையில் கன்று எடுத்து நடுபவர் நோயைத் தன் நிலத்துக்கும் கொண்டுபோகிறார். அதன் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். “என்ன ரகம் போட்டிருக்கீங்க?” என்று திருப்பிக் கேட்டாலே குழப்பம் பாதி தீரும். ரஸ்தாளிக்கு வாடல் எளிதில் வரும், பூவன் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும்.

இப்படி அரைகுறையாகக் கேட்பதைச் சோம்பல் என்று தள்ளிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கீழ் இலையா, குருத்தா என்று பார்க்க வேண்டும், கிழங்கை வெட்டிப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர், “என்ன மருந்து?” என்று கேட்கவே மாட்டார். எதைக் கவனிப்பது என்பதே புதியவருக்குத் தெரியாத விஷயம். வயிறு வலிக்கிறது என்று வருகிறவரிடம், எங்கே வலி, எப்போதிருந்து என்று கேட்பது மருத்துவரின் வேலை. அதை நோயாளி சொல்லிக்கொண்டு வரவில்லை என்று யாரும் கோபிப்பதில்லை. அப்பா பார்த்த வெள்ளாமையை, வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு வந்து கையில் எடுத்த மகனும், முதல்முறை குத்தகைக்குப் பிடித்தவரும் அந்த நிலையில்தான் இருக்கிறார்கள்.

பதில் சொல்கிறவரின் அலுப்பும் நியாயமானதே. தன் கொல்லை வேலையை முடித்துவிட்டு, காசு வாங்காமல் சொல்கிறார். அதே கேள்வி ஐம்பதாவது முறை வந்தால் விலகிப்போவார். விவரம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக விலகினால், மருந்து விற்கிறவர்தான் மிஞ்சுவார். ஆகவே, பொறுமையாக இருங்கள் என்று உபதேசித்துப் பயனில்லை. நடுவே ஓர் ஏற்பாடு வேண்டும்.

திருச்சிக்கு அப்படி ஓர் ஏற்பாடு இருந்தது. 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையத்தில், 1966-இல் பண்ணை ஒலிபரப்புக்கென்று தனிப் பிரிவு வந்தது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏடிடி 27 அப்போது புது நெல் ரகம். டெல்டாவில் அது பரவியதில் திருச்சி வானொலிக்கு இருந்த பங்கால் மக்கள் அதை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். அந்தப் பிரிவில் வேளாண்மை படித்தவர்கள் இருந்தார்கள். கேட்கிறவருக்கும் ஆராய்ச்சி நிலையத்துக்கும் நடுவில், கேள்வியைப் புரிந்துகொள்ளத் தெரிந்த ஆள் இருந்தார். ஒருவருக்குச் சொன்ன பதில் ஊருக்கே கேட்டது. இன்று ஆளுக்கொரு செல்போன் இருக்கிறது, ஆனால் வாட்ஸ்அப் குழுவில் அந்த நடு ஆள் இல்லை.

சொன்ன பதிலைச் சேர்த்து வைப்பது இன்னொரு வேலை. ஸ்ரீரங்கத்துக்கு அது புதிதல்ல. 13-ஆம் நூற்றாண்டில் வைணவ ஆசாரியர் நம்பிள்ளை நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்குச் சொன்ன விளக்கங்களை அவர் சீடர் வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்ததுதான் ‘ஈடு’ என்ற உரை. யார் என்ன கேட்டார், அதற்கு ஆசாரியர் என்ன சொன்னார் என்பதும் அதில் இடையிடையே பதிவாகியிருக்கிறது. கேட்டவரின் ஐயம் அற்பமென்று ஒதுக்கப்படவில்லை.

கேள்வி பதிலைப் பதிந்துவைப்பது இன்றும் நடக்கிறது. விவசாயிகளுக்காக 2004-இல் தொடங்கிய கிசான் கால் சென்டரில் (1800-180-1551) தமிழிலேயே பேசலாம். அழைப்பவரின் மாவட்டமும் வட்டாரமும் பயிரும் அங்கே பதிவாகின்றன. அந்தக் கேள்வி பதில்கள் ஒன்றிய அரசின் திறந்த தரவுத் தளத்திலும் உள்ளன. ஆனால், அந்தநல்லூர் விவசாயி எடுத்துப் படிக்கும் வடிவில் இல்லை.

1993-இல் திருச்சியில் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் தாயனூரில் இருக்கிறது. சிறுகமணியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அவர்களும் தோட்டக்கலைத் துறையும் சேர்ந்து, இலை எப்படி மஞ்சளானால் என்ன காரணம் என்று படத்தோடு தமிழில் ஒரே ஒரு தாள் போட்டுத் தர வேண்டும். அது ஒவ்வோர் உரக்கடையிலும் ஒட்டப்பட வேண்டும். கேள்வி வந்ததும் யாரும் செல்போனில் எடுத்து அனுப்பும்படி இருக்க வேண்டும். அதுவரை, விவரம் தெரிந்த விவசாயிகளிடம் ஒரு வேண்டுகோள்: ரகம் எது, மஞ்சள் கீழ் இலையிலா குருத்திலா, கிழங்கை வெட்டிப் பார்த்தீர்களா என்ற மூன்றையும் கேட்காமல் எந்த மருந்தின் பெயரையும் சொல்லாதீர்கள்.